ஒரு தெருவுக்கு ஒரு குழாய்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்கக்கா. ஆனா இந்தப் பையை மட்டும் மேல வைக்கச் சொல்லாதீங்க. மடியிலயே இருக்கட்டும். மேல வெச்சா யாரு எடுப்பா, யாரு மாத்துவான்னு கழுத்தை ஒடிச்சுப் பார்த்துக்கிட்டே வரணும். உள்ள பணம் ஒண்ணும் இல்ல. காகிதம்தான்.

தண்ணி வேணுமா? குடிங்க. எங்க தெருக் குழாய்த் தண்ணி இல்ல இது. தைரியமா குடிக்கலாம்.

ஒண்ணு கேட்கலாமா, தப்பா நெனைக்காதீங்க. எங்க ஊரு உப்பூரணியில உங்களுக்கு யாராச்சும் சொந்தம் இருக்காங்களா? மாரநாடுன்னு ஒருத்தர்? தெரியாதா? நெசமாத்தான? இல்ல, கழுத்துல அடையாள அட்டைக் கயிறு தெரிஞ்சுது, முந்தானையில மறைச்சு வெச்சிருந்தீங்க, அதான். ஆஸ்பத்திரியில வேலையா? சரி. ஆஸ்பத்திரின்னா பரவால்ல.

எம்பேரு காளீஸ்வரி. கலெக்டர் ஆபீஸுக்குப் போறேன். இன்னைக்குத் திங்கள்கிழமை, மனு வாங்குற நாள். எங்க அம்மா பஞ்சவர்ணம், இட்லி மாவு அரைச்சு விக்கிறாங்க. பதினாலு வருஷமா. அப்பா இல்ல. நான் பி.ஏ. எகனாமிக்ஸ், எங்க வம்சத்துலயே முதல் டிகிரி. என் காலேஜ் பீஸ்லேர்ந்து இந்தக் கம்மல் வரைக்கும் எல்லாம் அந்தக் கிரைண்டர்லேர்ந்து வந்ததுதான்.

மாவுக்குத் தண்ணிதான்க்கா உசுரு. எங்க ஊரு போர்த் தண்ணி உப்பு. அதுல ஊறப்போட்டு அரைச்சா உளுந்து உபரி காணாது, மாவு பொங்காது. அந்த இட்லியைச் சுவத்துல அடிச்சா திரும்பி வரும். நல்ல தண்ணி வேணும்.

அந்த நல்ல தண்ணி மாரநாடு தோப்புக் கிணத்துல இருக்கு. ஊருக்கு வெளியே ரெண்டு கிலோமீட்டர். அவருதான் ஆறு வருஷத்துக்கு முன்னாடி முதல்ல பைப் போட்டு வீட்டுக்கு வீடு குழாய் வெச்சுக் குடுத்தாரு. அதுக்கு முன்னாடி டேங்கர் லாரிதான், குடத்தோட ஓடணும். அந்த வகையில நல்ல காரியம், இல்லைன்னு சொல்ல மாட்டேன். மாசம் நானூறு ரூபா, காலையில அரை மணி நேரம். ஆனா திமிர். மோட்டார் ரிப்பேர்னு நாலு நாள் வராது. போன் பண்ணினா, "பொறுக்க முடியலைன்னா கடல் பக்கத்துலதான இருக்கு, மொண்டுக்க"ன்னு வெச்சிடுவாரு.

அப்புறம்தான் ராக்கப்பன் வந்தாரு. டேங்கர் ஓட்டிக்கிட்டிருந்தவரு. மச்சினன் தோட்டத்துக் கிணத்தைக் குத்தகைக்கு எடுத்து, பொண்டாட்டி நகையை வித்து, இன்னொரு பைப் போட ஆரம்பிச்சாரு. ஆமா, அதே தெருவுல. மாரநாடு பைப் கிழக்கு ஓரம், இவரு பைப் மேற்கு ஓரம். முன்னூறு ரூபான்னாரு.

ஒரே வாரம்க்கா. மாரநாடு இருநூத்தம்பதுக்கு எறங்கிட்டாரு. அரை மணி நேரம் முக்கால் மணி ஆயிடுச்சு. வால்வு திறக்குற அவரோட ஆள் வாசல்ல வந்து நின்னு, "தண்ணி போதுமாக்கா, இன்னும் அஞ்சு நிமிஷம் விடவா?"ங்கிறான். அவன் வாயிலேர்ந்து அக்காங்கிற வார்த்தை வந்ததே அன்னைக்குத்தான்.

நாங்க ராக்கப்பன்கிட்ட ஒரு சொட்டு வாங்கல. மாரநாடு குழாயிலயேதான் இருந்தோம். ஆனாலும் எங்களுக்கும் எறங்குச்சு. நான் அப்பவே சந்தேகப்பட்டேன். ஒருத்தன் யாரும் கேட்காம விலையைக் குறைக்கிறான்னா உள்ள ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்? அம்மாகிட்ட சொன்னேன். "குறைஞ்சா குறையட்டும்டி, நீ எதுக்குக் கெடந்து மண்டையை ஒடைச்சுக்கிறே"ன்னாங்க. அம்மா வெள்ளந்தி. அதான் எங்க வீட்டுல இருக்கிற பிரச்சினையே.

கண்டக்டர் டிக்கெட் கேக்கிறாரு பாருங்க. சில்லறை வாங்கினதும் எண்ணிப் பார்த்துக்குங்க.

எங்க விட்டேன்? ஆங், அந்தப் பள்ளத்தை இன்னும் சொல்லலையே. போன வருஷம் ஜூலை மாசம், எங்க சந்துல ராக்கப்பன் பைப்புக்காகப் பள்ளம் வெட்டியிருந்தாரு. விடியக்காலம் அம்மா மாவுத் தூக்கோட டீக்கடைக்குப் போறாங்க, பள்ளத்துல கால் போயிடுச்சு. கணுக்கால் பிசகி, பத்து லிட்டர் மாவு மண்ணுல. ஒரு மாசம் நான்தான் அரைச்சேன். ராக்கப்பன் ஓடி வந்தாரு. "பஞ்சவர்ணக்கா, சத்தியமா நான் பலகை போட்டு மூடிட்டுத்தான் போனேன். நாலு பலகை. யாரோ எடுத்திருக்கானுங்க"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. தப்பு செஞ்சவங்க எல்லாரும் அதைத்தான சொல்வாங்க?

அப்பதான்க்கா எனக்குப் படிச்சது ஞாபகம் வந்துச்சு. இயற்கை முற்றுரிமைன்னு ஒரு பாடம். கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. சில தொழில்ல முதல் செலவு ரொம்பப் பெருசு. ரயில் பாதை, கரண்டு, குடிதண்ணி. ஒருத்தர் ஒரு தடவை பைப் போட்டுட்டா, அதுக்கப்புறம் ஒரு வீட்டைச் சேர்க்கச் செலவு கொஞ்சம்தான். அதனால அங்க ஒருத்தர்தான் நிக்க முடியும். இன்னொருத்தர் வந்து பக்கத்துலயே தோண்டுறது ஊருக்கு நஷ்டம். அரசாங்கம் தலையிட்டு, ஒருத்தருக்கு மட்டும் அனுமதி குடுத்து, விலையைத் தன் கையில வெச்சுக்கணும். பத்து மார்க் கேள்வி. நான் ஒன்பது வாங்கினேன். படம் போடலைன்னு ஒரு மார்க் குறைச்சுட்டாங்க.

என் கண்ணு முன்னாடி அந்தப் பாடம் எங்க தெருவுலயே கெடக்கு! ஒரே தெருவு, ரெண்டு பைப், எங்கம்மா காலு. நான் உக்காந்து நாலு பக்கம் எழுதினேன். அதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது. புத்தகத்துல இருக்கிறதை அப்படியே எழுதினேன்.

ஆகஸ்ட் பதினஞ்சு கிராம சபையில படிச்சேன். மைக்ல. காகிதம் புரட்டுற சத்தம்கூட மைக்ல கேக்குது. தலைவர் தலையாட்டிக்கிட்டே இருந்தாரு. முடிச்சதும் கை தட்டினாங்க. எல்லாரையும் விட சத்தமா தட்டினது யாரு தெரியுமா? மாரநாடு. "கலெக்டருக்குப் படிக்க வேண்டிய பிள்ளை"ன்னாரு. அன்னைக்கு எனக்கு அது சந்தேகமா படல. பெருமையாத்தான் இருந்துச்சு.

ராக்கப்பன் எழுந்து கேட்டாரு, "பாப்பா, எனக்கு ஒண்ணு புரியல. இங்க ஒருத்தன்தான் நிக்க முடியும்ங்கிற. சரி. அப்போ நான் தானா விழுந்துட்டுப் போறேன். எம்பணம், எம்பைப், என் தலையெழுத்து. தானா விழப்போறவனைத் தள்ளிவிட எதுக்கும்மா ஒரு தீர்மானம்?"

அந்தக் கேள்வி எங்க பாடத்துல கிடையாது. "அது ஊருக்கு வீண் செலவுண்ணே"ன்னேன்.

அவரு பொண்டாட்டி, போதும்பொண்ணுன்னு பேரு, பொம்பளைங்க பக்கத்துலேர்ந்து கத்துது: "எந்த ஊரு செலவு? எங் கழுத்துச் சங்கிலிடி அது! ரெண்டு பைப் வீணுன்னா, ரெண்டு கண்ணும் வீணுதான? ஒண்ணை நோண்டிப் போட்டுடுவமா?" ஒரே சிரிப்பு. என்னைப் பார்த்துத்தான் சிரிச்சாங்க. படிச்சவங்களை நம்ம ஊர்ல அப்படித்தான் நடத்துவாங்க.

பள்ளம் வெட்டுறதுன்னா அப்போதைக்கு எரிச்சலாத்தான இருக்கும், எல்லாரும் கை தூக்கிட்டாங்க. தீர்மானம் நிறைவேறுச்சு. உப்பூரணி ஊராட்சித் தெருக்கள்ல மாரநாடு ஒருத்தர்தான் தண்ணிப் பைப் வெச்சுக்கலாம். விலை இருநூத்தம்பதுக்கு மேல போகக் கூடாது. ஏத்தணும்னா விலைக் கண்காணிப்புக் குழு ஒத்துக்கணும். குழுவுல மூணு பேரு. தலைவரோட தம்பி, ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருத்தர், அப்புறம் நான். ஆமா, நான்தான். படிச்ச பிள்ளைன்னு போட்டாங்க. வேணாம்னு எப்படிச் சொல்றது?

ராக்கப்பன் பைப்பை ஜே.சி.பி. வெச்சுத் தோண்டி எடுத்தாங்க. அதுக்குத் தெருவு முழுக்க மறுபடியும் பள்ளம். அது வேற விஷயம்.

ரெண்டாவது மாசமே மாரநாடு டீசல் ரசீது, மோட்டார் ரிப்பேர் ரசீது எல்லாம் ஒரு பையில எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தாரு. "நீ படிச்ச பிள்ளை, உனக்குத் தெரியாதது இல்ல, நீயே பாரு"ன்னாரு. நான் ஒவ்வொரு ரசீதா பார்த்தேன். மூணு தடவை கூட்டினேன். கூட்டல் சரியாத்தான் இருந்துச்சு. அந்த மோட்டாருக்கு உண்மையில அவ்வளவு டீசல் ஆகுமா, ஆகாதா, எனக்கு எப்படித் தெரியும்? கேட்டுப் பார்க்க ஊர்ல வேற யாருகிட்ட அந்த மாதிரி மோட்டார் இருக்கு? ராக்கப்பன்கிட்ட இருந்துச்சு. அதை வித்துட்டாரு.

கையெழுத்துப் போட்டேன். முன்னூத்தம்பது. பொங்கலுக்கு அப்புறம் நானூத்தம்பது. அதுக்கும் ரசீது சரியா இருந்துச்சு. இப்போ அறுநூறு. இதுக்கு என்னைக் கூப்பிடவே இல்ல. மூணுல ரெண்டு கையெழுத்து போதுமாம், விதியில இருக்காம். அந்த விதியை எழுதினது யாருன்னு கேளுங்க. நான்தான். ரெண்டு பேரு வந்தாலே கூட்டம் நடக்கணும், தாமதம் ஆகக் கூடாதுன்னு நல்லெண்ணத்துல எழுதினேன்.

தண்ணி இப்போ ஒண்ணுவிட்டு ஒரு நாள், இருபது நிமிஷம். அந்த வால்வு ஆள் இப்போ வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்ல. அம்மா ஒரு நாள் கூப்பிட்டுக் கேட்டாங்க, "ஏப்பா, இன்னும் ரெண்டு நிமிஷம் விடக்கூடாதா?" அவன் சொல்றான், "உம்மகதான ஒரே பைப் போதும்னுச்சு. அதுகிட்டயே கேளு."

தண்ணி வராத நாள்ல அம்மா போர்த் தண்ணியில அரைக்க வேண்டியதாப் போச்சு. திங்கள்கிழமை மாவு பஞ்சு மாதிரி, செவ்வாய்க்கிழமை மாவு களி மாதிரி. டீக்கடைக்காரரு முதல்ல நின்னாரு. அப்புறம் ஸ்கூல் டீச்சர் வீடு. தினம் நாப்பது வீட்டுக்குப் போன மாவு இப்போ பதினாறு. இதே மாதிரி இன்னும் ஆறு மாசம் போனா கிரைண்டரை விக்க வேண்டியதுதான். எனக்கு இன்னும் வேலை கெடைக்கல. டிஎன்பிஎஸ்சி ரெண்டு தடவை எழுதிட்டேன். அந்தக் கிரைண்டர் போச்சுன்னா எங்களுக்கு வேற ஒண்ணும் இல்லக்கா.

இன்னொண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க. போன மாசம் குழுக் கூட்டம் ஏன் என்னை விட்டுட்டு நடந்துச்சுன்னு கேட்க மாரநாடு தோப்புக்குப் போனேன். வாய்க்காலைத் தாண்ட பலகை போட்டிருக்காரு. நாலு பலகை. ஓரத்துல நீலப் பெயிண்ட். ராக்கப்பன் டேங்கர் அதே நீலம். நான் அதுமேல நடந்துதான் அந்தப் பக்கம் போனேன், அதுமேலயே நடந்து திரும்பி வந்தேன். ஒண்ணும் கேட்கல. கேட்டா என்ன சொல்வாரு? ரசீது காட்டுவாரு.

அதனாலதான் இந்த மனு. இது மொத மனு. "தீர்மானத்தை ரத்து செய்து, யார் வேண்டுமானாலும் குழாய் அமைக்க அனுமதிக்க வேண்டும்." நாலு பக்கம். படிச்சுப் பாருங்க, நல்லா வந்திருக்கா? எழுத்துப் பிழை இருந்தா சொல்லுங்க. ஆஸ்பத்திரியில எழுதுறவங்களுக்குக் கண்ணு கூர்மையா இருக்கும்.

அது... அந்தக் கீழ இருக்கிறது வேற காகிதம்க்கா. நீங்க பார்த்துட்டீங்களா? சரி, பார்த்தா என்ன. மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல.

அது மாவு விஷயம். ராக்கப்பன் பைப் போனதும் போதும்பொண்ணு என்ன செஞ்சுச்சு தெரியுமா? மோட்டார் வித்த காசுல ஒரு கிரைண்டர் வாங்கி, மாவு அரைக்க ஆரம்பிச்சிடுச்சு. எங்க தெருவுலயே, எட்டாவது வீடு. பைப்புக்குத்தான தடை? ராக்கப்பன் டிவிஎஸ் வண்டியில மச்சினன் கிணத்துலேர்ந்து கேன் கேனா கொண்டாந்து எறக்குறாரு. தினம் நல்ல தண்ணி. தினம் பஞ்சு மாவு. எங்க டீக்கடை, எங்க டீச்சர் வீடு, எல்லாம் அங்கதான் போயிருக்கு. வேணும்னே செய்யுது. வேற எந்தத் தொழிலும் கெடைக்கலையா? பூ கட்டலாம், துணி தைக்கலாம். மாவுதான் கெடைச்சுதா?

இப்போ எங்கம்மா வேற வழியில்லாம ஒரு கரண்டி மாவு கூடப் போடுறாங்க. பதினாலு வருஷத்துல போட்டதில்ல. லிட்டருக்கு அஞ்சு ரூபா குறைச்சுட்டாங்க. வாங்க வர்றவங்ககிட்ட, "புளிப்பு சரியா இருக்கா கண்ணு, நாளைக்கு இன்னும் கொஞ்சம் முன்னாடி கரைச்சு வைக்கவா?"ன்னு கெஞ்சுறாங்க. பார்க்கவே எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. வாங்குறவங்க சந்தோஷமா வாங்கிட்டுப் போறாங்க. அவங்களுக்கு என்ன.

அதனால ரெண்டாவது மனு. உப்பூரணியில இட்லி மாவுக்கு ஒருத்தருக்கு மட்டும்தான் உரிமம் குடுக்கணும். ஒரே தெருவுல ரெண்டு கிரைண்டர் ஓடுறது வீண் செலவு, கரண்டு வீணு, காதும் கிழியுது. பதினாலு வருஷமா செய்யுறவங்களுக்கு முன்னுரிமை. விலையைக் கண்காணிக்க ஒரு குழு வெச்சுக்கட்டும், நான் வேணாம்னு சொல்லலையே.

எதுக்கு அப்படிப் பார்க்கிறீங்க?

இல்லக்கா, அதுவும் இதுவும் எப்படி ஒண்ணாகும்? மாரநாடு கெட்டவரு. எங்கம்மா நல்லவங்க. எங்கம்மா விலையை ஏத்த மாட்டாங்க. ஏத்தினாலும் அரிசி விலை ஏறினதுக்குத்தான் ஏத்துவாங்க, ரசீது இருக்கும். நீங்க சிரிக்கிறீங்க. உண்மையாவே மாரநாடைத் தெரியாதுதான உங்களுக்கு?

அம்மாவுக்கு ரெண்டாவது மனு தெரியாது. தெரிஞ்சா விட மாட்டாங்க. ரெண்டு பேரும் சாயங்காலம் வாசல்ல உக்காந்து பேசிக்கிறாங்க, நம்புவீங்களா? கிரைண்டர் கல்லு கொத்துற ஆளை ரெண்டு பேரும் சேர்ந்தே வரவழைச்சாங்க. நான் கேட்டேன், "ஏம்மா, அது உன் பொழைப்பைக் கெடுக்குது, நீ அதுகூட வெத்தலை போடுறியா?" அம்மா சொல்றாங்க, "எம் பொழைப்பைக் கெடுத்தது அவளா?" சொல்லிட்டு என்னையே பார்த்தாங்க. வெள்ளந்தின்னு சொன்னேன்ல, இப்படித்தான். யாரைச் சந்தேகப்படணும்னே அவங்களுக்குத் தெரியாது.

டவுன் வந்துடுச்சா? பாலம் தாண்டிட்டோமே. அக்கா, எனக்கு ஒரே ஒரு யோசனை சொல்லுங்க. ஒரே ஆள் ரெண்டு மனு குடுத்தா, இது மனு குடுக்கிறதையே வேலையா வெச்சிருக்கும் போலன்னு ரெண்டையும் தூக்கி ஓரமா வெச்சிடுவாங்க. எனக்கு ராத்திரி எல்லாம் அதே பயம். அதனால இன்னைக்கு ஒண்ணுதான் குடுக்கப் போறேன். எதைக் குடுக்கட்டும்? தண்ணியா, மாவா?

சொல்ல மாட்டீங்களா? சரி. ஆஸ்பத்திரிக்காரங்க எதையும் வாயைத் திறந்து சொல்ல மாட்டீங்க.

மாவையே குடுத்துடுறேன். தண்ணி மனு அடுத்த வாரம் பார்த்துக்கலாம். தண்ணிக்கு இப்போ அப்படி ஒண்ணும் அவசரம் இல்லக்கா. ரெண்டு வாரமா குழாய் வராத நாள்ல அந்தப் போதும்பொண்ணே ரெண்டு கேன் நல்ல தண்ணியைத் தூக்கியாந்து எங்க வாசல்ல வெச்சிட்டுப் போயிடுது. "களி மாதிரி மாவு வித்துப் பேரைக் கெடுத்துக்காதக்கா"ன்னு சொல்லுச்சாம். காசும் வாங்கல. இதுல என்ன சூழ்ச்சி இருக்குன்னுதான் இன்னும் எனக்குப் பிடிபடல. முதல் நாள் நான் அதைக் கோழிக்கு வெச்சுப் பார்த்தேன், கோழிக்கு ஒண்ணும் ஆகல. அப்புறம்தான் நாங்க குடிச்சோம். நீங்க குடிச்சதும் அதான்.

இறங்குறீங்களா? பார்த்து இறங்குங்க. பாட்டிலைக் குடுத்துட்டுப் போங்கக்கா. இன்னும் ரெண்டு மடக்கு இருக்கு, வரிசையில நிக்கும்போது எனக்கு வேணும்.